வீட்டுக்கு வரும் பறக்கும் பூச்சிகளை இனம் காண்போம்

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பூச்சியியல் துறையிலிருந்து ஒருவர் பேச வந்தால் தண்டுத் துளைப்பான், புகையான், காய்ப்புழு என்றுதான் பேசுவார் என்று எதிர்பார்ப்பீர்கள். இன்று வயலை விட்டு வீட்டுப் பக்கம் வருவோம். திண்ணையில், மாட்டுக் கொட்டகையில், சமையலறை ஜன்னலில், இரவு விளக்கடியில் பார்த்தவுடன் பயம் தரும் பூச்சிகள் பல பறக்கின்றன. அவற்றைக் கண்டதும் கையில் கிடைத்த துடைப்பத்தை எடுத்து அடிப்பது ஒரு வழக்கம். வயலுக்கு வாங்கி மீதமிருக்கும் மருந்தை எடுத்துத் தெளிப்பது இன்னொரு வழக்கம். இந்த இரண்டாவது வழக்கம் மிகக் கெட்டது. குழந்தை தவழும் தரையிலும், மாவு சலிக்கும் இடத்திலும் பயிருக்கான மருந்து படிவது எந்தக் குளவியின் கொட்டையும் விட ஆபத்தானது.

அதே வேளையில், உண்மையாகவே அஞ்ச வேண்டிய பூச்சி ஒன்று பனைமர உச்சியில் கூடு கட்டியிருக்கும். "அது பாட்டுக்கு இருக்கிறது" என்று அதன் அடியிலேயே ஆடு கட்டுகிறோம், அடுப்பு மூட்டுகிறோம். பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல், பயப்பட வேண்டாததைக் கொன்று வருகிறோம். எது எது என்று பிரித்தறியத் தெரிந்தால் இரண்டு தவறும் நேராது.

கொடுக்கு யாருக்கு உண்டு?

பறக்கும் பூச்சிகளில் கொடுக்கு உள்ளவை குளவி, தேனீ, எறும்பு ஆகிய ஒரே வரிசையைச் சேர்ந்தவை மட்டுமே. வண்டுக்குக் கொடுக்கு இல்லை. தும்பிக்கு இல்லை. அந்துப்பூச்சிக்கு இல்லை. கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு மாறி அமைந்தது. ஆகவே குளவியிலும் தேனீயிலும் கூட பெண் பூச்சிதான் கொட்டும், ஆண் கொட்டாது.

ஒரு பூச்சி உட்கார்ந்திருக்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். முதலில் இறக்கை. முதுகின் மேல் கடினமான ஓடு போல மூடியிருந்தால் அது வண்டு. இரண்டே இறக்கை என்றால் ஈ இனம். குளவிக்கும் தேனீக்கும் நான்கு இறக்கைகள். பின் இறக்கை சிறியதாக முன் இறக்கையுடன் கோத்திருப்பதால் பறக்கும்போது தெரியாது, உட்காரும்போதுதான் தெரியும். அடுத்தது இடுப்பு. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நூல் போல ஒடுங்கியிருந்தால் குளவி. உடம்பெல்லாம் மயிர் அடர்ந்து, தடித்திருந்தால் தேனீ இனம். மூன்றாவதாக, தலையிலுள்ள உணர்கொம்பு. குளவிக்கு அது நீண்டு வளைந்திருக்கும். ஈக்குக் கண்கள் பெரிதாகவும் உணர்கொம்பு மிகக் குட்டையாகவும் இருக்கும்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூக்களின் மேல் அசையாமல் நின்று பறக்கும் ஒரு ஈ உண்டு. மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்டு அச்சு அசல் குளவி போலவே இருக்கும். பறவைகளை ஏமாற்ற அதற்கு இயற்கை தந்த சட்டை அது. அந்த ஈயின் புழு அசுவினியைத் தின்று வளர்வது. கத்தரி, அவரைத் தோட்டத்தில் அதைக் கண்டால் மகிழ வேண்டுமே தவிர அடிக்கக் கூடாது.

கதண்டு

உண்மையில் அஞ்ச வேண்டியது இதுதான். தஞ்சை, நாகைப் பக்கம் கதண்டு என்பார்கள். சில ஊர்களில் கடந்தை, கடந்தல் என்பார்கள். செய்தித்தாள்களில் விஷ வண்டு என்று எழுதுகிறார்கள். இந்தப் பெயரால் ஒரு குழப்பம் உண்டாகியிருக்கிறது. இது வண்டே அல்ல, பெரிய குளவி. விஷ வண்டு என்ற பெயரைக் கேட்டுக் கேட்டு, பாவம், ஒன்றும் செய்யாத கறுப்பு வண்டுகளை மக்கள் மிதித்துக் கொல்கிறார்கள்.

கதண்டு சுமார் 1 அங்குல நீளம் இருக்கும். ராணி இன்னும் சற்றுப் பெரிது. உடல் கறுப்பு அல்லது கரும்பழுப்பு. வயிற்றின் குறுக்கே அகலமாக மஞ்சள் அல்லது ஆரஞ்சு நிறப் பட்டை ஒன்று பளிச்சென்று தெரியும். பறக்கும் ஒலி கனமாக இருக்கும். மரத்தை மென்று கூழாக்கி, காகிதம் போன்ற பொருளால் கூடு கட்டும். பனை, தென்னை மட்டைகளின் நடுவிலும், மரப்பொந்திலும், பாழடைந்த கட்டிடத்திலும், மண்ணுக்குள் இருக்கும் பொந்திலும் கூடு இருக்கும். ஒரே ஒரு ராணி தொடங்கும் கூடு அது. முதலில் சிறியதாக இருக்கும், வேலைக்காரக் குளவிகள் பெருகப் பெருகப் பானை அளவுக்கு வளரும்.

தனியாக வீட்டுக்குள் வந்த ஒரு கதண்டு பொதுவாக வலியச் சண்டைக்கு வராது. கதவு, ஜன்னலைத் திறந்து வைத்து, விளக்கை அணைத்துவிட்டால் வெளியே போய்விடும். ஆபத்து கூட்டில்தான் இருக்கிறது. கூடு ஆடினாலும், புகை பட்டாலும், கல் விழுந்தாலும், பருந்து தாக்கினாலும் கூட்டமாகக் கிளம்பும். தேனீயின் கொடுக்கில் முள் இருப்பதால் அது நம் தோலில் சிக்கிக்கொள்ளும். ஒரு தேனீ ஒரு முறைதான் கொட்ட முடியும். கதண்டின் கொடுக்கு சிக்குவதில்லை. ஒன்றே பலமுறை கொட்டும். நசுங்கிய கதண்டிலிருந்து வரும் வாடை மற்றவற்றை அழைக்கும் என்பதால் கூட்டருகே ஒன்றை அடிப்பது நூறை அழைப்பதாகும்.

மரம் ஏறுபவர்கள், வாய்க்கால் ஓரம் புதர் வெட்டுபவர்கள், ஓலை கழிப்பவர்கள் வேலை தொடங்கும் முன் ஐந்து நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஒரே இடத்துக்குப் பெரிய குளவிகள் போவதும் வருவதுமாக இருந்தால் அங்கே கூடு உண்டு. அந்த மரத்தில் ஏற வேண்டாம். ஊருக்கெல்லாம் சொல்லி வைக்க வேண்டும். கோயில் திடல் மரங்களில் பொங்கல் வைக்கும் முன்பும், வெடி வெடிக்கும் முன்பும் மேலே பார்ப்பது நல்லது. மலைத்தேனீயின் பெரிய அடை தொங்கும் மரத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

கூட்டை நீங்களே கலைக்காதீர்கள். இரவில் தீப்பந்தம் கட்டி எரிப்பது நம் ஊர்களில் பழைய முறை. கூடு கலைந்தால் இரவிலும் அவை வெளிச்சத்தை நோக்கி வரும். பந்தம் பிடித்தவர் மர உச்சியில் இருப்பார். கொட்டு வாங்கியதை விட விழுந்ததனால் கெட்டவர்கள் உண்டு. ஓலைக் கூரை பற்றிக்கொள்வது வேறு. தமிழ்நாட்டில் தீயணைப்பு, மீட்புப் பணிகள் துறையினர் இத்தகைய கூடுகளை அகற்றித் தருகிறார்கள். 101 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும் வரை அந்த இடத்துக்கு ஆடு, மாடு, குழந்தைகள் போகாமல் கயிறு கட்டி வைப்பது போதும்.

கொட்டிவிட்டால்

கூட்டம் துரத்தினால் கைகளை வீசாமல், துண்டால் முகத்தையும் தலையையும் மூடிக்கொண்டு ஓடி வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ புகுந்து கதவை அடைக்க வேண்டும். கிணற்றில் குதிப்பது வேண்டாம். பூச்சிகள் மேலேயே சுற்றும், மூச்சு முட்டும்.

கொட்டியது தேனீயானால் கொடுக்கை உடனே நீக்க வேண்டும். நகத்தாலோ கத்தியின் முதுகாலோ சுரண்டலாம். எப்படி எடுப்பது என்பதை விட எவ்வளவு விரைவாக எடுப்பது என்பதே முக்கியம், ஏனெனில் அறுந்து விழுந்த கொடுக்கு தொடர்ந்து விஷத்தைச் செலுத்திக்கொண்டிருக்கும். பிறகு சோப்பு நீரால் கழுவி, குளிர்ந்த ஈரத்துணி வைக்கலாம். மோதிரம், வளையல் இருந்தால் வீங்கும் முன் கழற்ற வேண்டும். சுண்ணாம்பு தடவுவதால் விஷம் முறியாது, தோல்தான் வேகும்.

ஒரு கொட்டே ஆனாலும், உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் முகமும் வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல், மயக்கம் இவற்றில் ஏதேனும் கண்டால் அது ஒவ்வாமை. அரை மணி நேரம் கூட வீட்டில் வைத்துப் பார்க்கலாகாது. 108 வண்டியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதற்கு உடனடி மருந்து அட்ரினலின் ஊசி. மந்திரிப்பவரிடம் போகும் நேரம் உயிரின் நேரம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கதண்டுகள் பல சேர்ந்து கொட்டியவர் அன்று எழுந்து நடமாடினாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். அந்த விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஓரிரு நாள் கழித்துச் சிறுநீர் குறைவதும், கறுத்துப் போவதும் அதன் அடையாளம். அதுவரை காத்திருக்கக் கூடாது.

மண்ணெடுத்து வீடு கட்டும் குளவிகள்

இனி நல்லவர்களைப் பார்ப்போம். சுவரிலும் கதவு மூலையிலும் மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவியை அறியாதவர் யார்? கறுப்பு உடலில் மஞ்சள் புள்ளி, நூல் போல நீண்ட இடுப்பு. பார்க்கப் பயமாக இருக்கும். இதன் அறிவியல் பெயரிலேயே நம் ஊர் இருக்கிறது. 1781-ஆம் ஆண்டு பாப்ரீசியஸ் என்ற பூச்சியியல் அறிஞர் மதராசப்பட்டினத்தை வைத்து இதற்கு மதராசபட்டனம் என்று பெயரிட்டார்.

இது கூட்டமாக வாழ்வதில்லை. கூட்டைக் காக்கப் படையும் இல்லை. கையால் பிடித்து நசுக்கினாலன்றிக் கொட்டாது. ஈரமான இடத்திலிருந்து மண் உருண்டை கொண்டுவந்து அறை கட்டும். சிலந்திகளைக் கொட்டி, சாகாமல் செயலிழக்கச் செய்து அறை நிறைய அடுக்கும். ஒரு முட்டையிட்டு வாயை மூடிவிடும். புழு பொரித்து அந்தச் சிலந்திகளைத் தின்று வளர்ந்து, கூண்டுப் புழுவாகி, குளவியாகத் துளையிட்டு வெளிவரும்.

சிறு மண்பானை போலக் கழுத்தும் விளிம்பும் வைத்துக் கட்டும் குளவி வேறு. அது நிரப்புவது பச்சைப் புழுக்களை. நம் தோட்டத்து இலை தின்னும் புழுக்கள்தாம் அவை. தன் முட்டையை உறியில் தொங்கவிடுவது போலப் பானைக்குள் ஒரு மெல்லிய இழையில் தொங்கவிடும். "குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்ற பழமொழி இதிலிருந்து பிறந்ததுதான். நம் முன்னோர் பார்த்தது சரி. உள்ளே புழு போயிற்று, வெளியே குளவி வந்தது. நடுவில் நடந்தது மட்டும் மறைவாக இருந்துவிட்டது. புழு குளவியாகவில்லை, குளவியின் பிள்ளைக்குச் சாப்பாடாயிற்று.

வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்று பெரியவர்கள் கூட்டைக் கலைக்க விடமாட்டார்கள். அந்த நம்பிக்கை இருக்கட்டும். அதனால் கூடு பிழைத்திருக்கிறதே, அது நல்லது. மண்குளவி பிடிக்கும் சிலந்தியும் வயலில் நமக்கு நண்பன்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். இருந்தாலும் அதனால் வயலில் சிலந்தி குறைந்து போவதில்லை. அவரவர் கணக்கை இயற்கை பார்த்துக்கொள்ளும். சாவித்துவாரம், குழாய் வாய், மின்பொறுத்தியின் துளை ஆகியவற்றை மண்ணால் அடைத்துவிடும் தொல்லை ஒன்றுண்டு. பயன்படுத்தாதபோது துணி செருகி வையுங்கள். வட்டத் துளை விழுந்த கூடு காலியானது, அதைச் சுரண்டிவிடலாம்.

குடை போல் கவிழ்ந்து, அறைகள் திறந்தபடி, வாரையில் தொங்கும் காகிதக் கூடு இந்த இரண்டிலும் சேராது. அது கூட்டமாக வாழும் சிறு குளவியுடையது. அதுவும் புழுக்களைத் தின்பதுதான், ஆனால் கூட்டைத் தொட்டால் கொட்டும். எட்டாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். வாசற்படிக்கு மேல் கட்டத் தொடங்கினால், ஒன்றிரண்டு குளவிகள் மட்டும் இருக்கும் தொடக்கத்திலேயே நீண்ட கழியால் தட்டிவிட வேண்டும்.

கரப்பான் வேட்டைக்காரர்கள்

சமையலறையில் பச்சையும் நீலமுமாக மின்னும், தொடை சிவந்த குளவி ஒன்று சில நேரம் தரையில் ஓடும். நகைக்கடையில் வைத்த கல் போல இருக்கும். இது கரப்பான் பூச்சியைத் தேடி வருகிறது. முதல் கொட்டில் கரப்பானின் முன்கால்களைத் தளரச் செய்யும். இரண்டாவதை நேராகத் தலையில் கொட்டும். அதன் பிறகு கரப்பானுக்கு நடக்க முடியும், ஆனால் தானாக ஓட மனம் வராது. குளவி அதன் மீசையைப் பிடித்து, மூக்கணாங்கயிறு பிடித்து மாட்டை ஓட்டுவது போலப் பொந்துக்கு நடத்திச் சென்று, காலில் முட்டையிட்டு வாயை மூடிவிடும். இதைக் கண்டால் துடைப்பத்தைக் கீழே வையுங்கள்.

ஜன்னல் கண்ணாடியில் கறுப்பாகச் சிறு பூச்சி ஒன்று, வயிற்றைக் கொடி போல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும். அதுவும் குளவி இனமே. கரப்பானின் முட்டைப் பைக்குள் முட்டையிடுவது அதன் தொழில். மனிதரைக் கொட்டாது. அது வீட்டில் தென்பட்டால் கரப்பான் மிகுந்திருக்கிறது என்று பொருள். சாக்கடை, அடுப்படி, பழைய அட்டைப் பெட்டிகளைத் தேடிச் சுத்தம் செய்யுங்கள்.

கருவண்டு என்னும் தேனீ

மூங்கில் வாரையையும் பழைய கதவு நிலையையும் துளைத்து, மரத்தூள் கொட்டும் பெரிய கறுப்புப் பூச்சியை ஊர்ப்பக்கம் கருவண்டு என்கிறோம். இறக்கை ஊதா நிறத்தில் மினுங்கும். உறுமல் பெரிது. இதுவும் வண்டல்ல, தேனீ இனம். ஆண் பூச்சி முகத்துக்கு நேரே வந்து நின்று மிரட்டும், ஆனால் அதனிடம் கொடுக்கே இல்லை. பெண்ணுக்கு உண்டு, கையில் பிடித்தால் கொட்டும், மற்றபடி கண்டுகொள்ளாது. வண்டு துளைத்த மூங்கிலில் காற்று புகுந்து குழலோசை எழுவதை நம் சங்கப் புலவர்கள் கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

முருங்கை போட்டவர்கள் இந்தப் பூச்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். முருங்கைப் பூவில் மகரந்தத்தைச் சேர்த்துக் காய் பிடிக்கச் செய்வதில் இதற்கே பெரும்பங்கு. கத்தரிப் பூவின் மகரந்தம் உலுக்கினால்தான் உதிரும். இது பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கிறது. வீட்டு மரத்தைக் காக்க வேண்டுமானால் வாரைகளுக்கு வண்ணம் பூசுங்கள், பூசிய மரத்தை அது விரும்பாது. தோட்டத்து மூலையில் காய்ந்த மூங்கில் துண்டுகள் சிலவற்றைக் கட்டிப் போட்டால் அங்கே போய்விடும்.

விளக்குக்கு வரும் விருந்தாளிகள்

மழைக்காலத்து இரவில் விளக்கடிக்கு வருபவை பலவகை. கொசுவைப் போலப் பத்து மடங்கு பெரிதாக, நீண்ட கால்களுடன் தத்தித் தத்திப் பறப்பது கடிக்காது. கொம்புள்ள காண்டாமிருக வண்டும் கடிக்காது, ஆனால் அது தென்னையின் எதிரி. அது விளக்குக்கு வந்தால் உங்கள் எருக்குழியைக் கிளறிப் பாருங்கள். வெள்ளை நிறத்தில் வளைந்து கிடக்கும் புழுக்களைப் பொறுக்கி அழியுங்கள். 1 கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் நீரில் ஊறவைத்து மண்பானைகளில் தென்னந்தோப்பில் வைத்தால் வண்டுகள் வந்து விழும்.

முதுகில் மண்டையோட்டின் உருவம் எழுதிய பெரிய அந்துப்பூச்சி ஒன்று உண்டு. பிடித்தால் கீச்சென்று கத்தும். வீட்டுக்கு ஆகாது, சாவு வரும் என்று பலர் நடுங்குவார்கள். எந்தச் சாவும் வராது. தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிப்பதும், அதன் கொம்புப் புழு எள்ளின் இலையைத் தின்பதும்தான் இதன் குற்றம். எள் போட்டிருப்பவர்கள் மறுநாள் வயலைச் சுற்றிப் பார்த்து, வால் பக்கம் கொம்புள்ள தடித்த பச்சைப் புழுக்களைக் கையால் பொறுக்கிவிடலாம்.

இவற்றை எல்லாம் விட நான் எச்சரிக்க விரும்புவது மிகச் சிறிய ஒன்றைப் பற்றி. 7 முதல் 10 மில்லி மீட்டர் நீளம், எறும்பு போன்ற உருவம். தலை கறுப்பு, கழுத்து ஆரஞ்சு, குட்டையான இறக்கை மூடி கருநீலம், வயிறு மீண்டும் ஆரஞ்சு, வால் நுனி கறுப்பு. வாலைத் தேள் போலத் தூக்கி விரைந்து ஓடும். நெல் வயலில் புகையானைத் தின்னும் நல்ல வண்டு இது. கடிக்காது, கொட்டாது. ஆனால் கழுத்தில் ஊரும்போது தட்டி நசுக்கிவிட்டால் அதன் உடல்நீர் பட்ட இடம் ஒரு நாள் கழித்துத் தீப்பட்டது போலச் சிவந்து கொப்புளிக்கும். அக்கி என்று நினைத்துக் காவி எழுதிக்கொள்பவர்களும் உண்டு. 2022-ஆம் ஆண்டு ஜூலையில் சிக்கிம் மாநிலத்தில் ஒரு கல்லூரி மாணவர்கள் பலருக்குத் தோல் வெந்தது இந்த இனத்து வண்டால்தான். மேலே ஊர்ந்தால் ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அந்தக் கையால் கண்ணைக் கசக்கக் கூடாது. கண்ணில் பட்டுவிட்டால் நல்ல நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் காட்ட வேண்டும். அறுவடைக் காலத்தில் வயலை ஒட்டிய வீடுகளில் படுக்கைக்கு மேல் விளக்கு எரிய வேண்டாம். வாசல் விளக்கு மஞ்சள் ஒளியாக இருந்தால் பூச்சி குறைவாக வரும். கொசுவலை கட்டிப் படுப்பது இதற்கும் காவல்.

இன்னதென்று தெரியாத பூச்சி வந்தால், வாயகன்ற கண்ணாடிப் பாட்டிலை அதன் மேல் கவிழ்த்து, அடியில் ஓர் அட்டையைச் செருகி மூடுங்கள். செல்பேசி இருந்தால் பக்கவாட்டில் ஒன்றும் மேலிருந்து ஒன்றுமாகப் படம் எடுத்து, அளவு தெரிய அருகில் ஒரு நாணயத்தை வையுங்கள். எந்த நாள், எந்த இடம், எந்த நேரம், பக்கத்தில் என்ன பயிர் என்று குறித்து, உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்குக் கொண்டுவந்தால் பெயர் சொல்லி அனுப்புவார்கள். கோவைக்கு வருபவர்கள் பல்கலைக்கழகத்தில் 2018-இல் திறந்த பூச்சி அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். நான் இன்று சொன்னவற்றில் பலவற்றை அங்கே கண்ணாடிக்கு அப்பால், பயமின்றி நின்று பார்க்கலாம்.